குரோமாட்டிக் ஃபேன்டசியாவுக்கு ஏன் இத்தனை அவசரம்?

ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் டி மைனர் 'குரோமாட்டிக் ஃபேன்டசியாவும் ஃபியூகும்' யூடியூபில் எத்தனையோ பேர் வாசித்துக் கிடைக்கிறது. அதில் பாதிப்பேர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி வாசிக்கிறார்கள். கீழே 'என்னா வேகம், என்னா கை' என்று பாராட்டு மழை வேறு. எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

வேகமே கூடாது என்று சொல்லவில்லை. ஃபேன்டசியா என்றால் மனம்போன போக்கில் போகும் இசை. அதன் தொடக்கமே பாய்ச்சல்தான்: விர்ரென்று ஓர் ஓட்டம், சட்டென்று ஒரு நிறுத்தம், மறுபடி ஓர் ஓட்டம். கை பழகாதவர்கள் இதன் பக்கமே போக முடியாது. ஆனால் உண்மையான கஷ்டம் அதற்கப்புறம் வருகிறது. ஓரிடத்தில் பாஹ் எல்லா ஸ்வரங்களையும் எழுதுவதையே விட்டுவிடுகிறார். கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய ஸ்வரங்களை, வரிசையாக அடுக்கி 'ஆர்பெஜியோ' என்று ஒரே ஒரு சொல் போடுகிறார். அவற்றை எப்படிப் பிரிப்பது, எத்தனை தடவை ஏறி இறங்குவது, எங்கே தயங்குவது, எல்லாம் வாசிப்பவர் பாடு.

அடுத்து 'ரெசிடேட்டிவ்'. ஆபராவில் பாதி பேச்சும் பாதி பாட்டுமாக வருமே, அது. பாட ஆள் இல்லை, வார்த்தையும் இல்லை. ஒற்றைக் குரல் திக்கித் திக்கிப் பேச, நடுநடுவே கார்டு விழும். ஸ்ருதி எங்கெங்கோ போய்விடும்.

இது பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்கு எழுதியது என்பதை மறக்கக் கூடாது. அதில் தந்தி மீட்டப்படுகிறது. விரலை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் அதிகமாகாது. ஆகவே உணர்ச்சி காட்ட வாசிப்பவரிடம் பெரும்பாலும் இருப்பது நேரம்தான்: கொஞ்சம் பிந்துவது, கொஞ்சம் முந்துவது, காத்திருப்பது. அதையும் ஓட்டிவிட்டால் மிச்சம் என்ன? ஃபேன்டசியாவின் முடிவில் கீழே 'டி' ஸ்வரம் நிலைத்து நிற்க, மேலே கார்டுகள் அரை அரை ஸ்வரமாக (அதுதான் 'குரோமாட்டிக்') இறங்கி வரும். அதை ஸ்கேல் பயிற்சி போல வாசித்துவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல!

ஃபியூக் என்றால் ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தொடர்வது. பின்னால் வரும் மூன்று குரல் ஃபியூகும் அரை ஸ்வரங்களில் ஏறித்தான் தொடங்குகிறது. அருமையானதுதான், ஆனால் என் மனசு முதல் பாதியிலேயே நின்றுவிடும்.

1720இல் பாஹ் வெளியூர் போயிருந்தபோது முதல் மனைவி மரியா பார்பரா இறந்துபோனார். திரும்பி வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. அந்தத் துக்கம்தான் இந்த இசை என்று சிலர் சொல்வார்கள். கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. பாஹ் கைப்பட எழுதிய பிரதியே நமக்குக் கிடைக்கவில்லை, இருப்பதெல்லாம் நகல்கள். 1802இல் பாஹின் வாழ்க்கையை எழுதிய ஃபோர்கெல், இதைப்போல இன்னொன்றைத் தேடித் தேடியும் கிடைக்கவில்லை என்றார். அது எனக்குப் போதும்.

ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்காவின் பழைய பதிவைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய பிளேயல் கம்பெனி ஹார்ப்சிகார்ட் இரும்புச் சட்டம் போட்ட பூதம், பாஹ் காலத்து வாத்தியமே இல்லை என்பார்கள். சரி, இருக்கட்டும். ரெசிடேட்டிவ் வந்ததும் அந்த அம்மா எப்படிக் காத்திருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.