செய்முறை வகுப்பில் அவர்களை ஓரமாக உட்கார வைக்காதீர்கள்

பார்வையற்ற பிள்ளைகளுக்கு அறிவியல் முகாம் என்றாலே, "பாவம், நாலு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வரட்டும்" என்ற தொனியில்தான் பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பொழுதுபோக்குக்கு ராக்கெட் எதற்கு?

ஆமாம், ராக்கெட்தான். அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பும் நாசாவும் சேர்ந்து 2004-இல் நடத்திய முகாமில், பார்வையற்ற உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வர்ஜீனியாவின் வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து ராக்கெட் ஏவினார்கள். 2009-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கூடிய மாணவர்கள், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் பார்வையற்றோருக்காக உருவாக்கிய வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். முன்னால் இருப்பதை லேசர் அளக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு திருப்புவது என்று காதில் ஒலி சொல்லும், வேகத்தை மேலாடையின் அதிர்வு சொல்லும். இந்த முகாமில் பிள்ளைகளுக்கு வழிகாட்டியவர்களில் பலர் பார்வையற்றவர்கள். வண்டியைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயம். தன்னைப் போன்ற ஒருவர் இந்தத் துறையில் வேலை பார்க்கிறார் என்று பதினாறு வயதில் தெரிவது சாதாரணமா?

பள்ளியில் நடப்பதோ வேறு. கண் தெரிகிற நண்பன் அமிலத்தை ஊற்றுவான், நிறம் மாறியதைச் சொல்வான். பார்வையற்ற மாணவி பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வாள். பரிசோதனை அவளுடையது ஆகாது. பார்வையற்ற வேதியியலாளர் கேரி சுபலோ மோதிக்கொண்டது இந்தச் சுவரோடுதான். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் சோதனைக்குழாய்க்குள் இறக்கும் ஒளி உணரி ஒன்றைச் செய்தார்கள். வினையில் கரையாத திடப்பொருள், அதாவது வீழ்படிவு, உண்டாகிக் கரைசல் கலங்கினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும், உடனே ஒலியின் சுருதி மாறும். யாரும் சொல்லாமலே வினை நடப்பது காதுக்குத் தெரியும். அளவுகளை வாய்விட்டுச் சொல்லும் கருவிகளும் அப்புறம் வந்தன.

நம் நாட்டில் டெல்லியைச் சேர்ந்த பார்வையற்ற மாணவர் கார்த்திக் சாஹ்னி, பதினோராம் வகுப்பில் அறிவியல் எடுப்பதற்கே சிபிஎஸ்இ வாரியத்திடம் போராட வேண்டியிருந்தது. ஐஐடி நுழைவுத் தேர்வு எழுதவும் வழி கிடைக்கவில்லை. 2013-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவரளவு போராட முடியாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

முகாம்கள் வேண்டும், நிறைய வேண்டும். ஆனால் ஒரு வாரம் சர்க்யூட் இணைத்த பிள்ளையை ஜூன் மாதம் மறுபடி ஓரமாக உட்கார வைத்தால், அந்த முகாமை நடத்தியதில் என்ன பயன்? பேசும் வெப்பமானியும் தொட்டுணரும் வரைபடங்களும் பள்ளி ஆய்வகத்துக்கே வர வேண்டும். செய்முறைத் தேர்வில் அந்த மாணவி தன் கையால் செய்து மதிப்பெண் வாங்க வேண்டும். இதைப் பெற்றோர்கள் மட்டும் கேட்டால் போதாது, அறிவியல் ஆசிரியர்கள் முதலில் கேட்க வேண்டும்.