118 வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்

மெல்போர்னில் மார்ச் பிறந்தால் போதும். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் முதல், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை ஆஸ்கிக் பயிற்சிக்குக் கூட்டிவந்து காபியோடு நிற்கும் அப்பாக்கள் வரை எல்லாருக்கும் ஏஎஃப்எல் ஃபேன்டஸி ஜுரம் வந்துவிடும். ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கின் நிஜ ஆட்டக்காரர்களை வைத்து அணி கட்டி, அவர்கள் களத்தில் செய்வதற்குப் புள்ளி வாங்கும் ஆன்லைன் ஆட்டம் அது. நம் ஆட்களும் இப்போது நிறையப் பேர் ஆடுகிறார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புள்ளிவிவரம் என்றால் நாக்கில் எச்சில் ஊறும், அதில் ஆச்சரியம் இல்லை. அணி தேர்வு, டிரேடு எல்லாம் நன்றாகவே செய்கிறார்கள். வாரா வாரம் கேப்டன் விஷயத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

குறிப்பாக ஒரே இடத்தில். வைஸ் கேப்டன் நல்ல ஸ்கோர் அடித்துக் கொடுத்த பிறகும் அதை விட்டுவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை இதைவிட பெருசா வரும்" என்று கேப்டன் பின்னால் போகிறார்கள். நான் இதைப் பேராசை என்பேன். பொறுமை இல்லாதவர்கள் தலைப்போடு நிறுத்திக்கொள்ளலாம், விஷயம் அவ்வளவுதான். மற்றவர்கள் ஒரு டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. ஏஎஃப்எல்-ல் 18 அணிகள், எல்லா அணியும் ஆடும் வாரத்தில் 9 ஆட்டங்கள், பெரும்பாலும் வியாழன் ராத்திரி தொடங்கி ஞாயிறு மாலை வரை. உங்கள் அணியில் 22 பேர் களத்தில். ஒரு கிக்குக்கு 3 புள்ளி, கையால் குத்தி அனுப்பும் ஹேண்ட்பாலுக்கு 2, உதைத்த பந்தைக் கீழே விழுமுன் பிடிக்கும் மார்க்குக்கு 3, எதிராளியை மடக்கிப் பிடிக்கும் டாக்கிளுக்கு 4, கோலுக்கு 6, கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் போகும் பிஹைண்டுக்கு 1, நடுவர் மேலே போடும் பந்தை ரக்மேன் தட்டிவிடும் ஹிட்டவுட்டுக்கு 1. ஃப்ரீ கிக் வாங்கினால் 1, கொடுத்தால் 3 கழியும். 18 கிக், 12 ஹேண்ட்பால், 6 மார்க், 5 டாக்கிள், 1 கோல், ஒரு ஃப்ரீ கிக் கொடுத்தது: மொத்தம் 119. ஒரு நல்ல மிட்ஃபீல்டரின் நல்ல நாள் என்றால் இப்படித்தான் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. இதுவரை ட்ரீம்11 ஆடியவர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் வைஸ் கேப்டன் விஷயத்தில்தான் எல்லாம் மாறுகிறது. ட்ரீம்11-ல் வைஸுக்கு ஒன்றரை மடங்கு தானாகவே வரும். இங்கே கேப்டன் ஆடினால் வைஸுக்குக் கூடுதலாக ஒரு புள்ளிகூடக் கிடையாது. கேப்டன் அந்த வாரம் ஆடாமல் போனால்தான் வைஸின் ஸ்கோர் இரட்டிப்பாகும். அந்த 'ஆடாமல் போனால்' என்ற ஓட்டை வழியாகத்தான் மொத்த ஊரும் நுழைகிறது. இதற்கு லூப்ஹோல் என்றே பெயர்.

எப்படி என்றால், வியாழனோ வெள்ளியோ ஆடும் ஒரு பெரிய ஆளுக்கு வைஸ் பட்டையைக் கொடுக்கிறோம். ஆளாளுக்கு அவரவர் ஆட்டம் தொடங்கும்போதுதான் பூட்டு விழும் என்பதால், வெள்ளி ராத்திரி வைஸின் ஸ்கோரைக் கண்ணால் பார்த்த பிறகும் கேப்டனை மாற்ற நேரம் இருக்கும். ஸ்கோர் பிடித்திருந்தால், பெஞ்சில் கிடக்கும், இந்த வாரம் ஆடாத ஒரு பையனைக் களத்துக்குள் இழுத்து அவன் தலையில் கேப்டன் பட்டையைக் கட்டிவிட வேண்டும். அவனுக்காக வெளியே வந்தவருக்கு மாற்று ஆள் என்ற எமர்ஜென்சி குறி போட்டுவிட்டால் அவருடைய ஸ்கோர் உள்ளே வந்துவிடும், நஷ்டம் இல்லை. கேப்டன் ஆடவில்லை, எனவே வைஸுக்கு இரட்டிப்பு. ஸ்கோர் பிடிக்கவில்லையா, சனி ஞாயிறில் ஆடும் இன்னொரு பெரிய ஆளைக் கேப்டனாக வைத்துக்கொண்டு போகலாம். ஆக, ஒரே வாரத்தில் இரண்டு வாய்ப்பு.

சரி, எந்த ஸ்கோர் வந்தால் எடுப்பது? இங்கேதான் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். 120 என்பார்கள், 125 என்பார்கள். 130-க்குக் கீழே தொடவே மாட்டேன் என்று சபதம் எடுத்தவர்கள் உண்டு. எங்கள் ஃபேன்டஸி லீக்கில் டான்டினாங் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர், வெள்ளி ராத்திரி ஆட்டம் முடிந்ததும் கூப்பிடுவார்.

"அண்ணை, வைஸ் 118 அடிச்சிருக்கிறான். எடுக்கிறதோ விடுறதோ?"

"ஞாயித்துக்கிழமை யாரை வெச்சிருக்கீங்க தம்பி?"

"மெல்போர்ன் ரக்மேன் மேக்ஸ் கோனைத்தான் வச்சிருக்கிறன்."

"அவர் சராசரி என்ன?"

"நூத்துப் பத்து வரும் அண்ணை. ஆனா போன கிழமை பிச்சு உதறினவர்..."

அந்த 'ஆனா'வில்தான் எல்லாம் போகிறது. விடை அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. உங்கள் இரண்டாவது ஆளின் எதிர்பார்ப்பு எவ்வளவோ அதுதான் கோடு. அதற்கு மேல் வைஸ் அடித்திருந்தால் எடுக்க வேண்டும், கீழே என்றால் விட வேண்டும். 118 என்பது 110-ஐவிடப் பெரிது. முடிந்தது.

நம்பாதவர்களுக்காக சும்மா ஒரு கணக்கு. உங்கள் இரண்டு ஆட்களுமே 85, 105, 120, 130 என்ற நான்கில் ஏதோ ஒன்றை சம வாய்ப்போடு அடிப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் சராசரியும் 110. லூப்ஹோல் இல்லாமல் ஒருவரைக் கேப்டனாக்கினால் கிடைப்பது 110. வைஸ் 110-ஐத் தாண்டினால் எடுப்பது என்று வைத்தால், 120-ம் 130-ம் கைக்கு வரும். மற்ற இரண்டு சமயமும் இரண்டாவது ஆளின் 110. கூட்டி நாலால் வகுத்தால் 117.5. "125-க்கு மேல் வந்தால்தான்" என்று விறைப்பாக நின்றால் 130 மட்டும் கைக்கு வரும், மற்ற மூன்று சமயமும் 110. சராசரி 115. வாரத்துக்கு இரண்டரைப் புள்ளி சும்மா போகிறது. ஒரு அணி சீசனில் ஆடும் 23 ஆட்டத்துக்கும் சேர்த்தால் 57 சொச்சம். கத்துக்குட்டிப் பையன் ஒருவனின் ஒரு வார ஸ்கோர் அது. மொத்தத் தரவரிசையில் இந்த இடைவெளிக்குள் எத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று சீசன் கடைசியில் பார்த்தால் வயிறு எரியும்.

இன்னொன்று. 85 வந்தால் விட்டுவிடலாம் என்ற வசதி இருப்பதால், வைஸ் பட்டைக்கு ஏற்ற இறக்கம் உள்ள ஆள்தான் பொருத்தம். ஒரு வாரம் 75, மறுவாரம் 145 அடிக்கிறவரை வைஸாக வையுங்கள். அவர் சொதப்பினால் உங்களுக்கு ஒன்றும் போகாது. கேப்டன் பட்டைதான் மாதாமாதம் சம்பளம் வருகிற மாதிரி ஸ்கோர் கொடுக்கும் ஆளுக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அப்படியானால் மீதி வேலை ஒன்றுதான்: இரண்டாவது ஆளின் எதிர்பார்ப்பை ஒழுங்காக மதிப்பிடுவது. இங்கே போன வார ஸ்கோர் கிட்டத்தட்ட உதவாத எண். அவர் எந்த வேலை பார்க்கிறார் என்பதுதான் முக்கியம். பிராடி கிரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018, 2019 இரண்டு வருஷமும் காலிங்வுட்டின் முதல் ரக்மேன், இரண்டு வருஷமும் சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இடம். 2023-ல் மெல்போர்ன் அணிக்குப் போய் மேக்ஸ் கோனோடு ரக் வேலையைப் பங்குபோட வேண்டி வந்ததும் ஸ்கோர் சரிந்தது, அடுத்த படிநிலையான விஎஃப்எல் வரை இறக்கினார்கள். 2024-ல் சிட்னிக்குப் போய் மறுபடி தனி ரக்மேன் ஆனதும் பழைய கிரண்டி திரும்பி வந்தார். ஆள் ஒரே ஆள்தான், வேலைதான் மாறியது. அதனால் நடு வட்டத்தில் ஆட்டம் தொடங்கும்போது (சென்டர் பவுன்ஸ் என்பார்கள்) எத்தனை முறை நிற்கிறார், தற்காப்பில் ஆடும் ஹாஃப் பேக் என்றால் கிக்-இன் யார் எடுக்கிறார் என்று பாருங்கள். 2019 விதிமாற்றத்துக்குப் பிறகு, பிஹைண்ட் விழுந்ததும் கோல் சதுரத்திலிருந்து ஓடிவந்து உதைத்தால் அது கிக்காகக் கணக்கில் சேரும். ஒவ்வொன்றும் சும்மா வருகிற 3 புள்ளி.

ரக்மேன்களைக் கேப்டனாக வைப்பதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பந்து மேலே போனால் யாராவது தட்டித்தானே ஆக வேண்டும்? மழை, காற்று எதுவும் அதை நிறுத்தாது. எதிரணியின் முதல் ரக்மேன் காயத்தில் வெளியே, கத்துக்குட்டி ஒருவன் நிற்கிறான் என்றால் யோசிக்கவே வேண்டாம். கோல் அருகிலேயே நிற்கும் முழு ஃபார்வர்டுகளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். கோல் ஒன்றுக்கு 6-ம், அதன் கிக்குக்கு 3-ம் சேர்த்து 9. 2012-ல் லான்செஸ்டனில் நார்த் மெல்போர்னுக்கு எதிராக பட்டி ஃபிராங்க்ளின் 13 கோல் போட்டார். கோல்களில் மட்டும் 117 வரும். அப்படி ஒரு நாள் பத்து வருஷத்தில் எத்தனை முறை வரும்? தற்காப்பில் நின்று பக்கத்தில் இருப்பவனுக்கு சின்னதாகத் தட்டி, திரும்ப வாங்கிக்கொண்டிருக்கும் ஹாஃப் பேக்குக்கு ஒரு கிக்கும் ஒரு மார்க்கும் சேர்ந்தாலே 6 புள்ளி. அரங்கமே எழுந்து நிற்கும் கோலுக்கும், அதன் கிக்கைக் கழித்துவிட்டால், அதே 6. அநியாயம்தான், ஆனால் விதி அப்படி.

அதே சமயம் தட்டையாகச் சராசரியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடவும் முடியாது. டேக் என்று ஒரு பிசாசு உண்டு. ஒருவனுக்கு ஆட்டம் முழுக்க ஒரே வேலை, எதிரணி நட்சத்திரத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. 2023 சீசனின் 21-வது ரவுண்டில் எம்சிஜியில் ஹாதார்னின் ஃபின் மெகின்னஸ், நிக் டெய்கோஸை கிக்கும் ஹேண்ட்பாலும் சேர்த்து மொத்தம் 5 டிஸ்போசலில் அடக்கினார். டெய்கோஸுக்கு அன்றைக்கு முழங்காலிலும் அடி. ஃபைனல்ஸுக்கு முந்தைய கடைசி மூன்று ஆட்டங்கள் போயின, சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ வாக்கெடுப்பில் 31 வாங்கிய லாக்கி நீலுக்குப் பின்னால் 28-ல் நின்றார். அந்த வாரம் அவரைக் கேப்டனாக வைத்தவர்களின் முகத்தை திங்கட்கிழமை ரயிலிலேயே அடையாளம் கண்டுபிடித்திருக்கலாம். செயின்ட் கில்டாவில் விண்ட்ஹேகர் யாரைப் பிடிக்கப் போகிறார் என்பதும் இதே ரகம். டேக் வரும் என்று தெரிந்தால் உங்கள் ஆளின் 115-ஐ 100 என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்போது வைஸின் 104-கூட எடுக்க வேண்டிய ஸ்கோர்தான்.

மைதானமும் வானிலையும் பார்க்க வேண்டும், ஆனால் நம் ஆட்கள் அதற்குத் தரும் மரியாதை கொஞ்சம் அதிகம். மார்வெல் மைதானத்தில் கூரையை மூடிவிடுவார்கள், பந்து கையில் ஒட்டும். டார்வினில் ராத்திரி ஆட்டம் என்றால் ஈரத்தில் பந்து சோப்பு மாதிரி வழுக்கும், மார்க் குறையும், டாக்கிள் கூடும். மழை நாளில் டாக்கிள் போடுகிற மிட்ஃபீல்டரையோ ரக்மேனையோ நம்புங்கள். அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான இடம் வேறு. கேப்டன் பட்டை கட்டுகிறோமே, அந்த ஆடாத பையன். அவன் நிஜமாகவே ஆட மாட்டானா? ஞாயிற்றுக்கிழமை ஆடும் அணிகள் வியாழனன்று கூடுதல் ஆட்களோடு பட்டியல் தரும், வெள்ளிதான் இறுதியாகும். அதன் பிறகும் ஆட்டத்துக்குச் சற்று முன்னால் யாருக்காவது தொடை பிடித்துக்கொண்டது என்றால், அந்த நிஜ அணியின் மாற்று ஆளாக, அதாவது எமர்ஜென்சியாக, நின்ற உங்கள் பையன் உள்ளே போய்விடுவான். பாதி நேரம் பந்தே தொடாமல் 34 அடிப்பான், அது 68 ஆகும், வைஸின் 118 வெறும் 118 ஆகவே நிற்கும். எனவே பட்டையைக் கட்ட முழங்கால் அறுவை முடிந்து கட்டிலில் கிடப்பவனைத் தேடுங்கள். பை ரவுண்டு என்றால் இன்னும் சுலபம், அந்த வாரம் ஓய்வில் இருக்கும் அணியின் ஆள் போதும். அணிப் பட்டியலில் எமர்ஜென்சி என்று பெயர் வந்த பையனை மட்டும் தொடவே கூடாது. அவனுடைய ஆட்டம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் பட்டையே கட்ட முடியாது என்பதையும் வியாழக்கிழமையே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"எல்லாரும் வைக்கிற ஆளையே வெச்சா எப்படி மேல ஏறுறது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏப்ரல் மாதத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. ஊரோடு ஒத்துப்போய் 117 வாங்குவதும் ஒரு ஸ்கோர்தான். தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காகவே 98 சராசரிக்காரரைக் கேப்டனாக்குவது வீம்பு.

இவ்வளவு சொன்னதற்கும் ஒரே ஒரு விலக்கு உண்டு, லீக் ஆட்டம். நேருக்கு நேர் ஒருவரோடு மோதும்போது மொத்தப் புள்ளி முக்கியம் இல்லை, அவரைவிட ஒன்று கூட இருந்தால் போதும். சனி ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிறீர்கள், 118-ஐ எடுத்தாலும் எதிராளியைவிட 15 புள்ளி குறையும் என்று தெரிகிறது, ஞாயிறு ஆட்டத்தில் இருவருக்கும் கோன் ஒருவர்தான் மிச்சம், எதிராளியின் கேப்டன் ஏற்கெனவே ஆடி முடித்துவிட்டார். அப்போது சராசரிக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு கோனைக் கேப்டனாக்குங்கள். அவர் 134 அடித்தால் ஜெயித்தீர்கள். 90 அடித்தால் 15-க்குப் பதில் 43-ல் தோற்பீர்கள், லீக் அட்டவணையில் பெர்சன்டேஜ் கொஞ்சம் அடிபடும். செமிஃபைனல் என்றால் அதுவும் இல்லை.