காட் இலை காபி மாதிரி இல்லை

ஏமன் மக்களின் காட் இலை மெல்லும் பழக்கத்தை, 'நாம் காபி குடிப்பது போலத்தான்' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. ஏமன் தலைநகர் சனாவில் ஒரு மருத்துவமனையில் நான்கு வருடம் நர்ஸாக இருந்தேன்.

அங்கே மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் கூடி உட்கார்ந்து, ஒரு பக்கக் கன்னம் பந்து போல உப்பும்வரை இலையை அடக்கிக்கொள்வார்கள். மணிக்கணக்கில் அப்படியே இருப்பார்கள். அதிலுள்ள கேத்தினோன் என்ற ரசாயனம், ஆம்பெட்டமைன் என்ற ஊக்கப் போதைமருந்துக்கு நெருங்கிய உறவு. இலை வாடினால் வீரியம் போய்விடும் என்பதால் தினமும் புதுக்கட்டு வாங்கியாக வேண்டும். பிள்ளைகளின் பால் காசு அதில்தான் போகும். அந்த வீட்டுப் பெண்கள் இதைச் சொல்லி அழுததைக் கேட்டிருக்கிறேன்.

மாலையில் உற்சாகம் பொங்கும். இரவில் தூக்கம் வராது, மறுநாள் எரிச்சலும் மனச்சோர்வும்தான். பசி செத்துவிடும். மலச்சிக்கல், மூலம், ஈறு நோய் என்று வந்துகொண்டே இருப்பார்கள். ரத்த அழுத்தம் ஏறி, நெஞ்சைப் பிடித்தபடி வந்த நடுத்தர வயதுக்காரர்களையும் பார்த்தேன். கர்ப்பிணிகள் மென்றால் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும்.

பிரிட்டன் 2014-இல் இதைத் தடை செய்தது. ஏமனிலோ, குடிக்கவே தண்ணீர் போதாத சனாவைச் சுற்றி, நிலத்தடி நீரை உறிஞ்சி இந்தச் செடிக்குத்தான் பாய்ச்சுகிறார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!