வலது தடம் என் அப்பன் வீட்டுச் சொத்து அல்ல, ஒப்புக்கொள்கிறேன்

நெடுஞ்சாலையின் வலது தடத்தில் ஒரு வெள்ளை வண்டி என் காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்ததைக் காட்டி ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட 52 விநாடி வீடியோவைப் பற்றி இதுதான் என் கடைசிப் பதிவு. நான்தான் ஒதுங்கி வழிவிட்டிருக்க வேண்டும் என்று சொல்கிற ஒவ்வொருவருக்கும் மூன்று நாளாகத் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன். பிறகு அவரவர் விருப்பம்.

என்ன நடந்தது என்று மறுபடி விவரிக்கப்போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்துவிட்டீர்கள். பார்க்காமலேயே தீர்ப்புச் சொன்னவர்கள் அதைவிட அதிகம். அவர்களுக்காக மூன்றே மூன்று விஷயங்கள். மேல்மருவத்தூர் தாண்டி மதுராந்தகம் நோக்கி, சென்னைக்குத் திரும்பும் வழி. இடது தடத்தில் வரிசையாக ஏழு கன்டெய்னர் லாரிகள். வலது தடத்தில் எனக்கு முன்னால் ஒரு சிவப்புக் கார், அதற்கு முன்னால் ஒரு பஸ். ஆமாம், எனக்கு முன்னாலும் வண்டி இருந்தது. வீடியோவின் மேல் பாதியில், அதாவது முன்பக்கக் கேமராவில், தெளிவாகத் தெரிகிறது. கீழ்ப் பாதியில், பின்பக்கக் கேமராவில் தெரிகிற வெள்ளை வண்டியின் மீது மட்டும் எல்லோருக்கும் இவ்வளவு பரிவு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நான் 88-ல் போய்க்கொண்டிருந்தேன். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 24 மீட்டர் ஓடும். அதாவது, கண்ணை ஒரு முறை நிதானமாக மூடித் திறப்பதற்குள் ஆறு கார் நீளம் தாண்டியிருப்போம். அந்த மனிதர் எனக்குப் பின்னால் ஒரு கார் நீளம்கூட விடவில்லை. முதலில் அவருடைய நம்பர் பிளேட் என் கண்ணாடியிலிருந்து மறைந்தது. பிறகு ஹெட்லைட் மறைந்தது. கடைசியில் பானெட்டும், பம்பருக்கு முன்னால் மாட்டியிருந்த இரும்புக் கம்பியின் மேல் விளிம்பும்தான் மிச்சம். (அந்தக் கம்பியை மாட்டக் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. அது தனிக் கதை.) ஹெட்லைட் மறைந்த பிறகும் அவர் அதை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது என் காரின் பின்கண்ணாடி முழுக்க வெளிச்சம் அடித்ததில் தெரிந்தது.

இதற்குத்தான் கேட்கிறார்கள், "நீங்கள் ஏன் ஒதுங்கவில்லை?"

எங்கே ஒதுங்குவது? கன்டெய்னருக்கு அடியிலா?

ஏழாவது லாரியைத் தாண்டியதும் இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் வந்தேனே, அது வீடியோவின் 47-வது விநாடி. அதுவரை யாரும் பார்க்கவில்லை போலும். வெள்ளை வண்டி என்னைத் தாண்டிப் போய்ச் சிவப்புக் காரின் பின்னால் அதேபோல் ஒட்டிக்கொண்டது. சிவப்புக் கார் ஒதுங்கியதும் பஸ்ஸின் பின்னால். படாளம் வரை நான் பார்த்தேன், பஸ்ஸுக்குப் பின்னால்தான் இருந்தார். இத்தனை மூர்க்கத்துக்கும் அவருக்குக் கிடைத்த லாபம் இரண்டு கார் நீளம்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். பின்னால் வருகிறவர்தான் இடைவெளி விட வேண்டும். முன்னால் போகிறவன் நல்லவனோ கெட்டவனோ, ஓட்டத் தெரிந்தவனோ தெரியாதவனோ, அவன் திடீரென்று நின்றால் தானும் நிற்க முடிகிற தூரத்தில் வருவது பின்னால் வருகிறவரின் பொறுப்பு. இது என் கருத்து இல்லை. 1989-ல் வந்த சாலை விதிகளில் இருந்தது, அதற்குப் பதிலாக 2017-ல் வந்த விதிகளிலும் இருக்கிறது. எனக்கு முன்னால் யார் இருந்தார்கள், நான் எந்தத் தடத்தில் இருந்தேன் என்பதெல்லாம் அந்த விதியில் இல்லை.

"இடது தடத்தில் போக வேண்டியதுதானே" என்கிறார்கள். வலது தடம் முந்துவதற்கு மட்டும் என்பது எனக்குத் தெரியாதா? முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். முந்திக்கொண்டுதான் இருந்தேன் ஐயா! ஏழு லாரியை முந்துவது என்பது முந்துவது இல்லையா, குடித்தனம் நடத்துவதா?

சரி, அந்த இடது தடம் எப்படி இருக்கிறது என்று இவர்கள் எப்போதாவது பார்த்திருக்கிறார்களா? விமானத்தின் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பார்கள். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகள், விளக்கே இல்லாத டிராக்டர், நினைத்த இடத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோ, மேல்மருவத்தூரில் சிவப்புப் புடவையில் கையைக் கோத்துக்கொண்டு சாலையைக் கடக்கும் பெண்கள். பழுதாகி நிற்கிற லாரிக்குப் பின்னால் எச்சரிக்கை என்று இரண்டு கருங்கல், ஒரு வேப்பங்கிளை. இருட்டில் அந்த வேப்பங்கிளை 30 மீட்டருக்குள் வந்தால்தான் தெரியும். 88-ல் போகிறவனுக்கு யோசித்துப் பிரேக்கில் கால் வைப்பதற்கே 24 மீட்டர் போய்விடும், வண்டி நிற்க இன்னும் 40, 45 மீட்டர். 2022-ல் இந்தியாவிலேயே அதிகச் சாலை விபத்து நடந்த மாநிலம் நம்முடையது, 64,105. அந்த ஆண்டு நாடு முழுவதும் நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னாலிருந்து மோதியவை. ஒட்டிக்கொண்டு வருகிற வெள்ளை வண்டிகள் அதில்தான் வருகின்றன.

வலது தடத்தில் 40-ல் உருளும் லாரி, போனில் பேசிக்கொண்டே நடுத்தடுப்பை ஒட்டி ஊர்கிற கார், இவர்களும் குற்றவாளிகள்தான். ஒப்புக்கொண்டேன். போதுமா?

எனக்கு ஆதரவாக எழுதியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களும் என்னைச் சங்கடப்படுத்திவிட்டார்கள். "பிரேக்கை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் ஐயா பயந்திருப்பார்" என்று பத்துப் பேராவது எழுதியிருக்கிறார்கள். தட்டியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார், என் டிக்கிக்குள் வந்திருப்பார். பின் இருக்கையில் என் மனைவியும் அவளுடைய அம்மாவும் இருந்தார்கள். நான் செய்தது அதற்கு நேர்மாறு. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாக விட்டு, முன்னால் போன சிவப்புக் காருக்கும் எனக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டினேன். பின்னால் இருப்பவரிடம் இடைவெளி இல்லையென்றால் அவருக்கும் சேர்த்து நான்தான் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். அவசரம் வந்தால் மெதுவாக, நீளமாகப் பிரேக் போடலாம், அவருக்கும் நிற்க நேரம் கிடைக்கும். இதைத்தான் "வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து வெறுப்பேற்றினார்" என்று ஒருவர் விளக்கம் எழுதி, நூறு பேரிடம் விருப்பம் வாங்கியிருக்கிறார். வெறுப்பேற்றுகிறவன் இண்டிகேட்டர் போட்டு வழிவிடுவானா?

இன்னொருவர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே கொண்டுவந்து என் தலையில் வைத்தார். கோவையில் 2017-ல் நடந்த விபத்து, 2025 ஜூலையில் வந்த தீர்ப்பு. நெடுஞ்சாலையில் சைகை இல்லாமல் திடீரென்று பிரேக் போட்ட கார் ஓட்டுநர்மீது 50 சதவீதப் பொறுப்பை வைத்தது நீதிமன்றம். மிகச் சரி. ஆனால் அதே தீர்ப்பில், காருக்குப் பின்னால் போதிய இடைவெளி விடாமல் வந்த மோட்டார் சைக்கிள் இளைஞர்மீதும் 20 சதவீதம் வைத்தார்கள். அந்த விபத்தில் அவர் காலையே இழந்திருந்தார், ஆனாலும் வைத்தார்கள். அந்த வரியை மட்டும் நண்பர் படிக்கவில்லை. நான் திடீரென்று பிரேக்கும் போடவில்லை என்பது வேறு.

"அவர் மருத்துவமனைக்கு அவசரமாகப் போயிருக்கலாமே, அது உங்களுக்குத் தெரியுமா?" இந்தக் கேள்விக்கு மட்டும் நான் உடனே பதில் எழுதவில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் அந்த வெள்ளை வண்டி நான்தான்.

2009-ல் அப்பாவுக்கு இரவு பதினொரு மணிக்கு நெஞ்சுவலி. திண்டிவனத்தில் முதலுதவி செய்து சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பொறுக்காமல் நானே காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டு, லைட் அடித்து, ஹாரன் அடித்து, திட்டிக்கொண்டே வந்தேன். மாமண்டூருக்கு முன்னால் ஒரு பஸ்ஸின் பின்னால் அப்படித்தான் நெருங்கிக்கொண்டிருந்தேன். சாலையில் மாடு. பஸ் நின்றது. நான் எப்படி நிறுத்தினேன் என்று இன்றுவரை தெரியாது. பஸ்ஸின் பின்பக்கத்துக்கும் எனக்கும் ஒரு முழம் இருந்தது. அப்பா பின் இருக்கையிலிருந்து கீழே உருண்டுவிட்டார். கீழே கிடந்தபடியே, "மெதுவாகவே போடா, நான் எங்கேயும் போய்விட மாட்டேன்" என்றார். அதற்கப்புறம் ஐந்து வருடம் இருந்தார். அந்த இரவு நான் காப்பாற்றியதாக எல்லோரும் சொன்னார்கள். நான் கொல்லப்பார்த்தேன் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோமீட்டரை 90-ல் போனால் 40 நிமிடம், 110-ல் போனால் கிட்டத்தட்ட 33 நிமிடம். அதுவும் சாலை காலியாக இருந்தால். ஞாயிறு மாலை பரனூர் சுங்கச்சாவடியில் அந்த ஏழு நிமிடத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

இதெல்லாம் தெரியாதவர்கள் எழுதியதற்காக நான் இவ்வளவு நீளமாக எழுதவில்லை. தெரிந்த ஒருவன் எழுதியதற்காக எழுதுகிறேன்.

"வலது தடம் என்ன உங்கள் அப்பா வீட்டுச் சொத்தா, மாமா? ஓட்ட முடியவில்லை என்றால் பஸ்ஸில் வாருங்கள்." என் அக்கா மகன். அதன் கீழே 63 சிரிப்புக்குறிகள், அதில் பாதி நம் குடும்பத்தார். விளையாட்டாகத்தான் எழுதினான் என்று அக்கா சொல்கிறாள். இருக்கலாம். 'அப்பா வீடு' என்று அவன் எழுதியது, மாமண்டூரில் கீழே உருண்டு விழுந்த அதே தாத்தாவின் வீடு. அதையும் விளையாட்டு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்து அழுதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, எட்டு வாரம். முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "வேல் வேல் வெற்றிவேல்" என்று நிதானமாக இரண்டு முறை சொல், சொல்லி முடிப்பதற்குள் நீ அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால் நெருங்கிவிட்டாய் என்று அர்த்தம், மழை என்றால் நான்கு முறை சொல். அப்போது விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் சொன்னான். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் ஓட்டினான். சிக்னலில் நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுகிற இடம் உன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றேன், அதையும் கேட்டுக்கொண்டான். வேகமாக ஓட்டு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ இப்போது நான் ஓட்டத் தெரியாதவன்.

போன மாதம் அவனும் பெரிய வண்டி வாங்கிவிட்டான். மகிழ்ச்சி. பூஜை போட்ட அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவன் இந்த ஓட்டத் தெரியாத மாமன்தான். உயரத்தில் உட்கார்ந்தால் முன்னால் போகிற சின்ன வண்டி எல்லாம் குறுக்கே வந்த பூனை மாதிரி தெரியும் போலிருக்கிறது. என்னுடையது பதினோரு வருடப் பழைய வண்டி. தவணை முடிந்த வண்டி. சுங்கக் கட்டணம் அவன் கட்டுகிற அதே தொகையைத்தான் நானும் கட்டுகிறேன், சின்ன வண்டி என்று பாதி விலைக்கு விடவில்லை.

பொறாமை என்று ஒருவர் எழுதுவார். எழுதட்டும்.

"இவ்வளவு பயமாக இருந்தால் வீட்டிலேயே இருக்கலாமே" என்றும் எழுதுவார்கள். ஆமாம், பயமாகத்தான் இருந்தது. மாமியார் பின்கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, "ஏன் மாப்பிள்ளை, அவர் நமக்குத் தெரிந்தவரா? ஏதோ சொல்ல வருகிறார் போல" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? "இல்லை அத்தை, தெரியாதவர்தான்" என்றேன். வீடியோவை நிறுத்திக் கேட்டால் அந்தப் பேச்சும் கேட்கும். அதைக் கேட்டும் சிரித்தவர்கள் 63 பேர்.

அக்கா நேற்று இரவு போன் செய்து, குடும்ப விஷயத்தை ஏன் ஊருக்குக் காட்டுகிறாய், வீடியோவை எடுத்துவிடு என்றாள். வீடியோவில் குடும்பம் எங்கே இருக்கிறது, கீழே இருக்கிற கருத்துகளில்தான் இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டாள். வீடியோ இருக்கும். கருத்துப் பகுதியை மூடிவிட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் அப்பாவுக்குத் திதி. எல்லோரும் வருவார்கள், அவனும் வருவான். நான் காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவேன். இடது தடத்தில்தான் போவேன், லாரி வந்தால் வலது பக்கம் வந்து முந்திவிட்டு மறுபடி இடது பக்கம் போவேன். மருமகனே, எனக்குப் பின்னால் வர நேர்ந்தால் இரண்டு முறை.