கோழிக்கு மருந்து போட்டாச்சு, சரி. எந்த வழியாக?

போன மாசி மாதம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்த 42 நாட்டுக்கோழிகளில் 17 செத்துப்போயின. எல்லாம் ஐந்தே நாளில். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன, இறக்கையைத் தொங்கப் போட்டன, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றின. கோழி வளர்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்கழிச்சல். ராணிக்கேட் என்று புட்டியில் எழுதியிருப்பது இதைத்தான்.

"மருந்து போடலையா?" என்று எங்கள் ஊர் பள்ளத்தூர் முழுக்கக் கேட்டார்கள். போட்டிருந்தேன். ராணிக்கேட்டுக்கான லசோட்டா என்ற தடுப்பு மருந்துதான், ஐஸ் வைத்து வாங்கி வந்தேன், தேதியும் தாண்டவில்லை. ஆனால் கண்ணில் சொட்டு விடவில்லை, குடிதண்ணீரில் கலந்து வைத்தேன். 42 கோழியை ஒவ்வொன்றாகப் பிடிக்கக் கூடமாட ஆள் இல்லை, கல்லூரிக்கு நேரமாகிவிட்டது. விலங்கியல் பாடம் நடத்துகிற நானே இப்படிச் செய்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

தண்ணீரில் கொடுப்பது தப்பான முறை இல்லை. பெரிய பண்ணைகளில் அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. குளோரின் கலந்த தண்ணீர் கூடாது. மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ், குளோரின் பட்டால் செத்துவிடும். அதனால்தான் தண்ணீரில் முதலில் ஆடை நீக்கிய பால்பவுடரைக் கரைக்கச் சொல்கிறார்கள். கோழிகளை இரண்டு மணி நேரமாவது தாகத்தோடு வைத்திருக்க வேண்டும், வைத்த தண்ணீரை எல்லாம் சேர்ந்து சீக்கிரம் குடித்து முடிக்க வேண்டும். நம் நாட்டுக்கோழி அப்படியா குடிக்கும்? வலுத்த சேவல் நாலு வாய் குடித்துவிட்டு மற்றதை விரட்டும். பயந்த பெட்டை முற்றத்தில் தேங்கியிருக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடும். நான் வைத்ததோ குழாய்த் தண்ணீர். எத்தனை கோழிக்கு உயிரோடு மருந்து போய்ச் சேர்ந்ததோ.

இப்போது கண்ணில் விட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கோழியை இடது கக்கத்தில் அணைத்து, தலையைச் சாய்த்து, ஒரே ஒரு சொட்டு. உடனே விட்டுவிடக் கூடாது. சொட்டு கண்ணில் பரவும், கோழி ஒருமுறை இமைக்கும், அப்புறம் தொண்டை ஏறி இறங்கும். மருந்து கண்ணிலிருந்து மூக்குக்கும் வாய்க்கும் இறங்கிவிட்டது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். கோழியின் கண் உருண்டைக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று உண்டு. பார்க்கச் சின்னதுதான், ஆனால் எதிர்ப்பு அணுக்கள் குவிந்து கிடக்கிற இடம். சொட்டு பட்டதும் அது வேலையைத் தொடங்கி, கண்ணீரிலேயே எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கிறது. ராணிக்கேட் வைரஸ் கோழிக்குள் நுழைவது கண், மூக்கு, வாய் வழியாகத்தான். வருகிற வழியிலேயே காவல் போட்டாயிற்று.

இதே ராணிக்கேட்டுக்கு எட்டு வாரத்துக்கு மேல் இறக்கையடியில் தோலுக்குக் கீழே போடுகிற ஊசியின் வேலை வேறு. அது ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தை நன்றாக ஏற்றும், நாள்பட நிற்கும். கோழி அம்மைக்கு இன்னொரு வழி: இறக்கைச் சவ்வில் இரட்டை ஊசியால் ஒரு குத்து. ஏழெட்டு நாள் கழித்துப் பார்த்தால் குத்திய இடம் தடித்துப் பொருக்குக் கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஒரே கோழிக்கு மூன்று மருந்து, மூன்று வழி. இது யாரோ வசதிக்காகப் பிரித்து வைத்தது இல்லை.

நம் ஊர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் பக்கத்து முகப்பில் ஒருவர் உட்கார்ந்திருப்பதும், நடுவிலிருக்கும் வளவைத் தாண்டி உள்ளே இரண்டாம் கட்டில் ஒருவர் இருப்பதும் ஒன்றாகுமா? தசையில் போடும் ஊசி பெரும்பாலும் உள்கட்டு ஆளைத்தான் தயார் செய்கிறது. மூக்கிலும் கண்ணிலும் வாயிலும் கொடுக்கிற மருந்துக்குத்தான் முகப்பில் ஆள் நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

கொரோனா காலத்து விலங்கு ஆய்வுகளில் இது அப்படியே தெரிந்தது. 2020இல் ஆக்ஸ்போர்டு தடுப்பூசியை ரீசஸ் குரங்குகளுக்குத் தசையில் போட்டார்கள். நுரையீரல் தப்பித்தது, நிமோனியா வரவில்லை. ஆனால் மூக்கில் வைரஸ் குறையவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சிம்பன்சிகளிடம் காணப்படும் அடினோவைரஸ் என்ற வைரஸை வைத்துச் செய்த ஒரு கொரோனா தடுப்பு மருந்தை எலிகளுக்கு இரண்டு வழியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். தசையில் போட்டபோது நுரையீரல் நோயிலிருந்து காப்பு கிடைத்தது, ஆனால் வைரஸின் தடயம் மிஞ்சியது. மூக்கில் ஒரே தடவை விட்டபோது மேல் மூச்சுப்பாதையிலும் கீழேயும் தொற்றே கிட்டத்தட்ட இல்லாமல் போனது. மருந்து ஒன்று, வழிதான் இரண்டு. அந்தத் தொழில்நுட்பத்தில்தான் பாரத் பயோடெக்கின் மூக்கு மருந்து வந்தது. 2022 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது, 2023 ஜனவரி 26 அன்று வெளியிட்டார்கள்.

என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத ஆய்வு வேறு. காசநோய்க்குப் போடுகிற பிசிஜி. நம் செங்கல்பட்டு வட்டாரத்தில் 1968இல் தொடங்கி லட்சக்கணக்கான பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. தோலுக்குள் போட்ட பிசிஜி, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. உலகமே அதிர்ந்த முடிவு. (குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய்களை பிசிஜி தடுக்கிறது. அதனால் பிறந்த குழந்தைக்குப் போடாமல் விட்டுவிடாதீர்கள்.) சரி, மருந்தே உதவாது என்று எல்லாரும் ஒதுங்கியிருந்தபோது, 2020 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் ஒரு குரங்கு ஆய்வு வந்தது. ஒரு கூட்டத்துக்குத் தோலுக்குள், ஒரு கூட்டத்துக்கு மூச்சு வழியாக, ஒரு கூட்டத்துக்கு நேராக ரத்த நாளத்தில். பிறகு எல்லாக் குரங்குக்கும் காசநோய்க் கிருமியைக் கொடுத்தார்கள். ரத்த நாளத்தில் போட்ட 10 குரங்குகளில் 9 நன்றாகத் தப்பித்தன. அவற்றில் 6 குரங்குகளிடம் கிருமி இருந்த அடையாளமே கிடைக்கவில்லை.

கூடுதல் அளவு கொடுத்ததால் வந்த பலன் என்று சொல்லவும் வழியில்லை. அதே கூடுதல் அளவைத் தோலுக்குள் போட்ட கூட்டமும் அந்த ஆய்வில் இருந்தது, அதற்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. ரத்தத்தில் போன மருந்து நுரையீரல் திசுவுக்குள்ளேயே டி-அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தியிருந்தது. நூறு வருஷப் பழைய மருந்து, வழி மாறியதும் வேறு மருந்து மாதிரி வேலை செய்தது. முதல்முறை படித்துவிட்டு நூலகத்திலேயே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உடனே யாரும் ரத்தத்தில் பிசிஜி கேட்டுப் போய் நிற்க வேண்டாம். உயிருள்ள கிருமியை அப்படி மனிதருக்குப் போடுவதில் ஆபத்து இருக்கிறது. வழிக்குப் பலன் மாறுவது போலவே கெடுதலும் மாறும். சுவிட்சர்லாந்தில் 2000ஆம் ஆண்டுவாக்கில் ஒரு மூக்குவழி ஃப்ளூ தடுப்பு மருந்து வந்தது. அதை எடுத்துக்கொண்ட சிலருக்கு முகம் ஒரு பக்கம் வாதம் வந்து கோணியது. பலனைக் கூட்டச் சேர்த்திருந்த நச்சுப்பொருள்தான் காரணம் என்று பார்க்கிறார்கள். மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு மெய்யான கோபம் செய்தி எழுதுகிறவர்கள் மேல். "புதிய தடுப்பு மருந்து, எலிகளில் நூறு சதவீத வெற்றி" என்று போட்டுவிடுகிறார்கள். எந்த வழியில் கொடுத்தது? மூக்கில் என்றால் எவ்வளவு? மயக்கத்தில் இருக்கிற எலியின் மூக்கில் 10 மைக்ரோலிட்டர் விட்டால் பெரும்பாலும் மூக்கிலேயே தங்கும். 50 மைக்ரோலிட்டர் விட்டால் நுரையீரல் வரை இறங்கிவிடும். இரண்டையும் "மூக்குவழி" என்றே எழுதுகிறார்கள். 20, 25 கிராம் எடையுள்ள உயிரின் மூக்கில் நடப்பது நம் மூக்கில் அப்படியே நடந்துவிடாது. ஆக்ஸ்போர்டு மருந்தையே மூக்கில் விட்டபோது வெள்ளெலியிலும் குரங்கிலும் வைரஸ் வெளியேறுவது குறைந்தது. மனிதர்களிடம் பார்த்தபோது, 2022இல் வந்த முடிவு கையை விரித்துவிட்டது. சிலருக்குத்தான் மூக்கில் எதிர்ப்புப் புரதம் வந்தது. இதனால் விலங்கு ஆய்வே வீண் என்று சொல்லமாட்டேன். விலங்கு எது, வழி எது, அளவு எது என்ற மூன்றும் இல்லாத செய்தியை நம்பாதீர்கள் என்கிறேன்.

என் அப்பத்தாவுக்கு நாய் கடித்தபோது தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தை இந்தியாவில் நிறுத்தி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்றைய வெறிநாய்க்கடி மருந்தைத் தவணை தவறாமல், ஒவ்வொரு தவணைக்கும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு கையிலும் போட்டாலே போதும். கிருமியைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கிற அணுக்கள் தோலில் அத்தனை இருக்கின்றன. தசையில் போடுவதானாலும் பின்பக்கம் கூடாது, கொழுப்பில் மருந்து மாட்டிக்கொள்ளும். இன்னமும் "கையில வேணாம், இடுப்புல போடுங்க" என்று கேட்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கோழிக்கு வருகிறேன். மிச்சமிருந்த 25க்கும், பிறகு பொரித்த குஞ்சுகளுக்கும் இந்த முறை கண்ணில்தான். குஞ்சுக்கு ஏழாம் நாளில் முதலாவது சொட்டு, நாலாவது வாரம் லசோட்டா, எட்டு வாரம் முடிந்ததும் இறக்கையடியில் ஊசி. பக்கத்து வீட்டு அயித்தை கோழியைப் பிடித்துக் கொடுக்கிறார், நான் சொட்டு விடுகிறேன். "இது முழுங்கிருச்சு, விடு" என்று அவர் சொன்ன பிறகுதான் கீழே விடுகிறோம்.

வரும் ஞாயிறு எங்கள் தெருவில் இன்னும் ஆறேழு வீட்டுக் கோழிகளுக்கும் சேர்த்துப் போடுகிறோம். ஒரு புட்டியைக் கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், அதனால் எல்லாரும் ஒன்றாக வந்தால்தான் வசதி. வருகிறவர்கள் முதல்நாள் ராத்திரியே கோழியைக் கூடையில் கவிழ்த்து வையுங்கள். காலை ஆறு மணிக்கு முன்னால் அவிழ்த்துவிட வேண்டாம். தூக்குவாளியில் ஐஸ் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.