சுகரைச் சமாளிக்கும் தைரியத்தை யார் கற்றுக்கொடுப்பது?

வாயைக் கட்டணும், தினமும் நடக்கணும், மாத்திரையை விடக்கூடாது. சுகர் இருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த மூன்றையும் ஒப்பிப்பார்கள். ஆனால் கல்யாண வீட்டு இலையில் எதைத் தொடலாம், விரத நாளில் மாத்திரை போடலாமா, காய்ச்சலில் சாப்பாடு இறங்காதபோது இன்சுலினை என்ன செய்வது என்று வரும்போது பெரும்பாலானவர்கள் தடுமாறிப் போகிறார்கள்.

என் அம்மாவுக்கு ஒருமுறை சுகர் இறங்கி மயக்கம் வந்தது. அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லாமல் ஊசியின் அளவைக் குறைத்துக்கொண்டார். சுகரின் மூன்று மாதச் சராசரி ஏறிக்கொண்டே போனது. மருத்துவமனையில் ஒவ்வொரு தடவையும் திட்டு. அவருக்கு இருந்தது அலட்சியம் இல்லை, பயம். அதை யாரும் கேட்கவே இல்லை.

கேட்டவர் ஒரு செவிலியர். வேர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் உடனே விரலில் குத்தி, மீட்டரில் சுகரைப் பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள் என்றார். சொன்னதோடு விடவில்லை. அம்மாவையே திருப்பிச் சொல்ல வைத்தார், மீட்டரை அவர் கையில் கொடுத்துச் செய்ய வைத்தார். அப்புறம்தான் அம்மா சரியான அளவு ஊசிக்குத் திரும்பினார்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கேட் லோரிக் மூட்டுவாத நோயாளிகளுக்கு வகுப்புகள் நடத்தியபோது ஒன்றைக் கவனித்தார். யார் எவ்வளவு உடற்பயிற்சி செய்தார்கள் என்பதற்கும் வலி குறைந்ததற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. 'என்னால் சமாளிக்க முடியும்' என்ற நம்பிக்கை கூடியவர்களிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது. பிறகு எல்லா நாள்பட்ட நோய்களுக்குமாக அவர் உருவாக்கிய வகுப்பு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். நடத்துபவர்களில் பெரும்பாலானோர் அதே மாதிரி நோயோடு வாழ்கிறவர்கள். இந்த வாரம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்றும் கேட்பார்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் இலக்கைச் சின்னதாக்குவார்கள். தினமும் ஒரு மணி நேர நடை என்பது வாரம் மூன்று நாள் கால் மணி நேரமாகும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. முடியாததைச் சொல்லி அனுப்பினால், தோற்றுப்போன நினைப்போடுதான் ஆள் திரும்பி வருவார்.

நம் ஊரில் இதற்கான பாதை ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பெரிய காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். மாத்திரை கொடுக்கும் அக்கா, "இதைச் சாப்பிடுறதுல என்ன கஷ்டம் இருக்கு?" என்று கேட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்கவும் அவருக்கு நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் சேர்த்து ஊதியம் கொடுக்க வேண்டும். மகளிர் குழுக் கூட்டங்களில், சுகரை நன்றாகக் கட்டுக்குள் வைத்திருக்கிற உள்ளூர்க்காரர் ஒருவருக்கு முறையான பயிற்சி கொடுத்துப் பேச வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை மண்பானையில் எப்படிப் பாதுகாப்பது, ஒரே இடத்தில் குத்தாமல் எப்படி இடம் மாற்றுவது, பாதத்தைத் தினமும் எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் அவர் செய்து காட்டட்டும். மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை அவரிடம் கேட்பார்கள்.