எந்தக் கேப்சூல் எந்த மெஷினுக்கு?

அம்மாவுக்கு முட்டி வலி. விடியற்காலையில் அடுப்படியில் நின்று துணி வடிகட்டியில் கோப்பி ஊற்ற வேண்டாமே என்று கேப்சூல் மெஷின் தேடத் தொடங்கினேன்; கோப்பித் தூள் அடைத்த சின்னக் கேப்சூலைப் போட்டால் அதுவே கோப்பி இறக்கித் தரும். ஒரு வாரமாக மண்டை காய்கிறது.

நெஸ்பிரெசோ என்ற ஒரே பிராண்டிலேயே இரண்டு வகை. ஒரிஜினல், அழுத்தத்தில் கோப்பியை இறக்கும். வெர்ட்டுவோ, கேப்சூலின் விளிம்பிலுள்ள பார்கோடைப் படித்து, அதைச் சுழற்றி இறக்கும். ஒன்றின் கேப்சூல் மற்றதில் போகாது. டோல்சே குஸ்தோ என்ற இன்னொரு பிராண்டின் கேப்சூல் வேறு அளவு. கடையில் இதை யாரும் சொல்லவில்லை. "எல்லாம் ஒன்னுதான் லா" என்று ஒரு பையன் பெட்டியைக் கட்டவே ஆரம்பித்துவிட்டான். நம்பி வாங்கியிருந்தால்?

அப்புறம், சுங்கை சிப்புட்டில் மெஷின் கிடைத்தால் போதுமா? கேப்சூல் தீர்ந்தால் ஈப்போவுக்கு ஓட வேண்டும். தோட்டத்து வீட்டில் காலையில் ஆறு பேர் குடிப்போம். ஓர் ஒரிஜினல் கேப்சூலில் ஏறக்குறைய 5 கிராம் தூள்தான்; ஆளுக்கு ஒன்றாவது வேண்டும். அம்மா கேட்பதோ சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த நம்மூர்க் கோப்பி. அந்த மாதிரி கேப்சூல் உண்டா என்றால் முழிக்கிறார்கள்.

மெஷின் விலையை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஒரு குவளைக்கு எவ்வளவு ஆகும் என்று பக்கத்தில் எழுதினால் என்ன குறைந்துபோகும்?